பிள்ளைக்கு யார் கையெழுத்துப் போடுவது? ஆஸ்பத்திரிக்கும் பள்ளி சர்வேக்கும் வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது பெரும்பாலும் ஆயாவோ சித்தியோ மாமாவோதான். காய்ச்சல், சளி என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மயக்க மருந்து, ஆபரேஷன், ரத்தம் ஏற்றுவது என்று வந்ததும்தான் "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்ற கேள்வி வரும். பள்ளியிலும் இதே கதைதான். திங்கட்கிழமை காலை, யூனிஃபார்ம் போட்டபடி பிள்ளை ஒரு தாளை நீட்டும்: "சைன் பண்ணு, மிஸ் கேட்டாங்க." இந்த இரண்டு இடங்களிலும் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் வயதைப் பாருங்கள்

நம் நாட்டில் 18 முடிந்தால்தான் மேஜர். அதற்குக் கீழே எல்லோரும் மைனர். ஆனால் "மைனரின் சிகிச்சைக்கு இன்னார்தான் கையெழுத்துப் போட வேண்டும்" என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லும் தனிச் சட்டம் கிடையாது. பல சட்டங்களில் துண்டு துண்டாக இருக்கிறது.

12 வயதுக்குக் கீழ் குழப்பம் இல்லை. பழைய ஐபிசிக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவின்படி, பொதுவாக அந்த வயதுப் பிள்ளையின் சம்மதம் சம்மதமே ஆகாது. 27-ஆம் பிரிவோ, பிள்ளையின் நன்மைக்காகக் காப்பாளர் அல்லது சட்டப்படி பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்த காரியம் குற்றமாகாது என்கிறது. 'பொறுப்பில் வைத்திருப்பவர்' என்ற இந்த வார்த்தையை ஞாபகம் வையுங்கள். ஆயாவுக்கும் சித்திக்கும் கை கொடுப்பது அதுதான்.

12-க்கும் 18-க்கும் நடுவில் சட்டம் தெளிவாக ஒரு வரியில் சொல்வதில்லை. அதனால் ஆஸ்பத்திரிகள் 18 முடியும் வரை பெற்றோர் கையெழுத்தைத்தான் கேட்கின்றன. 17 வயதுப் பையன் மீசையோடு நின்று "நானே போடுறேன்" என்றாலும் நடக்காது.

2. யார் கையெழுத்து செல்லும்?

அப்பா, அம்மா இருவரில் ஒருவர் போதும். "அப்பா வரட்டும்" என்று அம்மாவைத் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டம் அப்பாவுக்கு 'அப்புறம்' அம்மா என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அப்பா இறந்த பிறகுதான் என்று அதைப் படிக்கக் கூடாது, அவர் அந்த நேரத்தில் இல்லாவிட்டாலும் அக்கறை காட்டாவிட்டாலும் அம்மாதான் காப்பாளர் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருமணமாகாத தாய், குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லாமலே காப்பாளராகலாம் என்று 2015-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

பிரிந்து வாழ்பவர்கள், விவாகரத்தானவர்கள்: பிள்ளை யாரிடம் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். வரவேற்பில் இருக்கும் ஊழியருக்கு உங்கள் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை, தாளைக் காட்டினால் போதும்.

பெற்றோர் இருவருமே இல்லாத பிள்ளைக்கு நீதிமன்றம் மூலம் காப்பாளராவதுதான் நிரந்தர வழி. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி மனு போட வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பாரிமுனையில் இறங்கினால் நடை தூரம்.

3. ஒரு ஃபைல் போட்டு வையுங்கள்

பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கி இவற்றைப் போட்டு வையுங்கள்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், அப்பா அம்மா ஆதார், ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். ஆஸ்பத்திரி வாசல் ஜெராக்ஸ் கடையில் காலை நேரத்தில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

இதில் உயிர்நாடி பிறப்புச் சான்றிதழ். உறவை நிரூபிப்பது அதுதான். சென்னை மாநகராட்சி எல்லையில் பிறந்த பிள்ளை என்றால் மாநகராட்சி இணையதளத்திலேயே காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா? அம்மாவின் பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா? பிறந்த உடனே பதிந்துவிட்டு, பெயர் சேர்க்காமலே விட்ட சான்றிதழ்கள் நம் பக்கம் ஏராளம். ஒரு தாளில் 'மேரி', இன்னொன்றில் 'மரியா' என்று இருந்தாலும் கவுன்டரில் நிற்க வைத்துவிடுவார்கள்.

ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு அதுதான் அடிப்படை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை கிடைக்கும். சென்னைக்காரர்களுக்குப் பதிவு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் 60 ரூபாய். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அட்டைக்கு ஓடாதீர்கள், வருமானச் சான்றுக்கே நாள் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

4. அப்பா கடலில், அம்மா வேலையில்: அதிகாரக் கடிதம்

என் அக்கா மகனுக்கு ஹெர்னியா ஆபரேஷன். மாமா விசைப்படகில் போய்விட்டார், கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே போனில் சிக்னல் கிடையாது. அக்கா அப்போதுதான் இரண்டாவது பிரசவம் முடிந்து படுத்திருந்தாள். பையனோடு போனது நான். எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, அனஸ்தீசியா டாக்டரும் பார்த்துவிட்டார். கடைசியில் சம்மதப் படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் 'சித்தி' என்று எழுதியதும் பேனாவை வாங்கி வைத்துவிட்டார்கள். தேதி தள்ளிப்போனது. ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த பையன் வாசலில் இரண்டு பன் சாப்பிட்டான்.

இதற்கு மருந்து ஒரு அதிகாரக் கடிதம். முன்கூட்டியே எழுதி அதே ஃபைலில் வைத்துவிட வேண்டும். வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலே போதும். இப்படி எழுதலாம்:

"_____ (முகவரி) வசிக்கும் _____ ஆகிய நான், என் மகன்/மகள் _____ (பிறந்த தேதி _____) என்பவரின் தாய்/தந்தை. நான் ஊரில் இல்லாத சமயங்களில், என் தாயார்/சகோதரி _____ (ஆதார் கடைசி நான்கு எண்கள் _____) பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துக் கவனித்துக்கொள்கிறார். அந்தச் சமயங்களில் பிள்ளையின் பரிசோதனை, சிகிச்சை, மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றுக்குச் சம்மதம் தர அவருக்கு அனுமதி அளிக்கிறேன். இது _____ முதல் _____ வரை செல்லும். பிள்ளைக்கு ஒவ்வாத மருந்து: _____. என் போன்: _____."

கீழே பெற்றோர் கையெழுத்து, பொறுப்பேற்பவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், தேதி. பெற்றோரின் ஆதார் ஜெராக்ஸிலும் கையெழுத்துப் போட்டுப் பின்னால் இணையுங்கள், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் படித்துக் காட்டியவரின் பெயரையும் எழுதுங்கள்.

'எல்லாவற்றுக்கும் அதிகாரம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பல இடங்களில் எடுக்க மாட்டார்கள். மயக்க மருந்து, ரத்தம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். காலக்கெடுவும் கட்டாயம். ஆறு மாதம் போடுங்கள், முடிந்ததும் புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

சில தனியார் ஆஸ்பத்திரிகள் நோட்டரி முத்திரையோடு பிரமாணப் பத்திரம் கேட்கும். 20 ரூபாய் பத்திரம் என்பது பழைய கதை, தமிழ்நாட்டில் இப்போது பிரமாணப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 200 ரூபாய். நோட்டரி கூலி தனி, பேசிக்கொள்ள வேண்டும். கேட்காத இடத்துக்கு இந்தச் செலவு வீண். ஆபரேஷன் தேதி வாங்கும் அன்றே "அப்பா அம்மா வர முடியாவிட்டால் எந்தக் கடிதத்தை ஏற்பீர்கள்?" என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு ஓபி சீட்டின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தாது என்பதும் தெரிந்திருக்கட்டும். டாக்டர் திருப்தியடையாவிட்டால் மறுக்கலாம். வீடியோ காலில் அம்மா பேசினால் சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் அதை நம்பி மட்டும் போகாதீர்கள்.

இன்னொரு யோசனை, கடல் தொழில் குடும்பங்களுக்கு மட்டும். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் தேதி கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில். அப்பாவும் வீட்டில் இருப்பார், பள்ளிக்கும் கோடை லீவு. கையில் காசு குறைவான காலம்தான், ஆனால் கையெழுத்துக்குப் பஞ்சம் இருக்காது.

5. ஆஸ்பத்திரிப் படிவத்தில் பேனா வைக்கும் முன்

காலியாக இருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 'செய்யப்போகும் சிகிச்சை' என்ற கோட்டில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். "டாக்டர் அப்புறம் ஃபில் பண்ணிப்பார்" என்பார்கள். "சரி, அவர் எழுதின பிறகு போடுறேன்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

ஆபரேஷனுக்கு ஒன்று, மயக்க மருந்துக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று எனப் பல படிவங்கள் வரும். ஒன்றில் போட்டால் எல்லாவற்றுக்கும் போட்டதாக ஆகாது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தைச் சிகிச்சைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வயதுவந்த ஒரு பெண்ணின் வழக்கு, ஆனால் சம்மதம் பற்றிய அந்த விதி எல்லா நோயாளிகளுக்கும்தான். என்ன செய்யப்போகிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்று நான்கையும் கேளுங்கள். தமிழில் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் நர்ஸிடம் வாய்விட்டுப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், படித்தவர்களே அந்த மருத்துவ இங்கிலீஷைப் பார்த்து முழிப்பார்கள்.

கையெழுத்துப் போட்டதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனால் பிறகு எழுத்தில் கேட்டு வாங்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறையில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது.

மனநல வார்டில் மைனரைச் சேர்ப்பதற்குத் தனி விதி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி மனநல டாக்டர் ஒருவர் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, குறைந்தது இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், காப்பாளர் கூடவே தங்க வேண்டும். போனில் பேசினாலே போதும் என்ற நிலை என்றால் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள்.

6. அவசரம் என்றால் தாளைத் தேடாதீர்கள்

விபத்து, பாம்புக்கடி, தீக்காயம், வலிப்பு: 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். சம்மதம் தர ஆள் இல்லாத நேரத்தில், பிள்ளையின் நன்மைக்காக டாக்டர் நல்லெண்ணத்தில் செய்வதைக் குற்றமாகக் கொள்ள முடியாது, நியாய சன்ஹிதா பிரிவு 30. உயிரைக் காப்பது அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்கும் கடமை என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போனாலும் சிகிச்சை தொடங்க வேண்டும். ஃபைல் பின்னாலேயே வரட்டும்.

பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளை என்றால் இன்னும் கண்டிப்பு. எந்தத் தாளும் கேட்காமல் உடனே மருத்துவம் பார்க்க வேண்டும், எஃப்ஐஆர் பதியாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம், தனியார் ஆஸ்பத்திரியும் காசு வாங்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். 18-க்குக் கீழ் கருக்கலைப்புக்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குத் தரும் தகவலில் டாக்டர் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயர் வெளியே போய்விடுமே என்று பயந்து மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள்.

7. பள்ளியிலிருந்து வரும் மருத்துவச் சீட்டு

மருத்துவக் குழு வந்து கண், பல், எடை, உயரம் பார்ப்பது, குடற்புழு மாத்திரை, வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை, 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி ஊசி. இவை அரசுத் திட்டங்கள், இலவசம், என்னைக் கேட்டால் போட்டுக்கொள்ள வேண்டியவை. 2017-இல் தட்டம்மை ரூபெல்லா ஊசியின்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியால் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் விட்டவர்களை நம் தெருவிலேயே பார்த்தோம்.

சீட்டில் 'சரி' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, ஏதாவது மருந்து ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மாத்திரை, இவற்றை அதே சீட்டில் எழுதுங்கள். அன்று காய்ச்சல் என்றால் மாத்திரை வேண்டாம் என்று மிஸ்ஸிடம் நேரிலேயே சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள். குழு ஏதாவது கண்டுபிடித்தால் மேல் பரிசோதனைக்குச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டு பையின் அடியில் கசங்கிக் கிடக்கும், தேடிப் பாருங்கள். அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுப் பழகிய பிள்ளைகளும் உண்டு, ஏழாம் வகுப்புக்கு மேல் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

8. சர்வே தாள் வந்தால்

எல்லா சர்வேயும் ஒன்றல்ல. எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தொகுப்பு) பதிவுக்காகப் பள்ளி கேட்கும் பெயர், பிறந்த தேதி, சாதி, ரத்த வகை போன்றவை நிர்வாகத் தகவல். கொடுத்துவிடுங்கள், நலத்திட்டங்கள் அதை வைத்துத்தான் வருகின்றன.

கல்லூரியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் ஆய்வு வேறு. பிள்ளையின் சாப்பாடு, மாதவிடாய், மனநிலை, வீட்டில் குடிப்பவர் உண்டா, ரத்தச்சோகைக்கு ஒரு சொட்டு ரத்தம் என்று போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிப்படி உடல்நலம் சம்பந்தப்பட்ட ஆய்வுக்கு, ஆய்வு முறையாக இருக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். அதோடு நிற்காது, 7 முதல் 12 வயது வரை பிள்ளையிடம் வாய்மொழியாகவும் 12-க்கு மேல் எழுத்திலும் விருப்பம் கேட்க வேண்டும். நீங்கள் சரி சொன்னாலும் பிள்ளை மாட்டேன் என்றால் அதற்கும் மதிப்பு உண்டு. எச்.எம். கையெழுத்து பள்ளிக்குள் நுழைய அனுமதிதான், உங்கள் சம்மதத்துக்கு ஈடு ஆகாது.

தகவல் தாளில் நான் முதலில் தேடுவது ஆய்வு நடத்துபவரின் பெயரும் நெறிமுறைக் குழுவின் போன் எண்ணும். அடுத்து, பிள்ளையின் பெயர் விடைத்தாளில் இருக்குமா என்பது. பெயர் எழுதச் சொல்லிவிட்டு 'ரகசியம் காக்கப்படும்' என்று கீழே அச்சடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். "மறுப்பு எழுதி அனுப்பாவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும்" என்ற வரி சில தாள்களில் பொடி எழுத்தில் இருக்கும். வேண்டாம் என்றால் கட்டாயம் எழுதி அனுப்புங்கள், சும்மா இருந்தால் சேர்த்துவிடுவார்கள்.

மூன்றாவது வகைதான் பொறி. எங்கள் வீட்டுக்கு 'மாணவர் விழிப்புணர்வுக் கணக்கெடுப்பு' என்று ஒரு வழவழப்பான தாள் வந்தது. முதல் இரண்டு கேள்வி சுற்றுச்சூழல் பற்றி. மூன்றாவதிலிருந்து அப்பாவின் மாத வருமானம், இரண்டு வாட்ஸ்அப் எண், பத்தாவதுக்கு அப்புறம் எந்தப் பிரிவு. அந்த வாரமே கோச்சிங் சென்டரிலிருந்து போன் ஆரம்பித்துவிட்டது. தாளில் கல்வித் துறையின் கடித எண்ணோ, நடத்துபவரின் முகவரியோ இல்லையென்றால் நிரப்பாதீர்கள். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, 18-க்குக் கீழுள்ளவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். அதுவரை உங்கள் பேனாதான் காவல்.

9. அபார் படிவம்

மாணவருக்கு ஒரே நாடு ஒரே அடையாள எண் என்ற அபார் பதிவுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும். உங்கள் அடையாள அட்டை விவரமும் அதில் கேட்பார்கள். விருப்பத்தின் பேரில்தான் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. ஆனால் சிபிஎஸ்இ பள்ளிகளில் அழுத்தம் அதிகம், போர்டு தேர்வுப் பதிவோடு சேர்த்துக் கேட்கிறார்கள். கொடுக்க முடிவு செய்தால் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எண் உருவாகாது, மறுபடி அலைச்சல். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறலாம், அதற்கு முன் பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான்.

10. வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது, பதில் வராவிட்டால் என்ன செய்வது

வாயால் சொன்னது காற்றோடு போகும். "என் மகள் _____, _____ வகுப்பு, _____ ஆய்வில் கலந்துகொள்ள எனக்குச் சம்மதம் இல்லை" என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி அலுவலகத்தில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஆய்வில் சேரவில்லை என்பதற்காக மார்க்கிலோ டி.சி.யிலோ கை வைக்க முடியாது.

அரசு, மாநகராட்சிப் பள்ளி என்றால், ஆய்வுக்கு யார் எப்போது அனுமதி தந்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தனியார் பள்ளி என்றால் கரஸ்பாண்டெண்டுக்குக் கடிதம், அசையாவிட்டால் கல்வித் துறையின் உதவி எண் 14417. போன் செய்தால் புகார் எண்ணைக் கேட்டு அந்த ஃபைலின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை பேசும்போது முதல் கேள்வியே அதுதான்.